என் நெஞ்சுக்குள் சத்தம் நின்ற நாள்

இராமநாதசுவாமியை நம்பியிருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சிக்கல் என்கிற ஊர்ப் பக்கம் மானாவாரி விவசாயம். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு அடுத்த வருஷம், மெட்ராஸில் என் நெஞ்சைத் திறந்து இருதயத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிரோடு திரும்புவேன் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஆனால் ஆடி மாதம் வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

வந்தது பழைய நெஞ்சு இல்லை. தழும்பின் மேல்முனையில் ஒரு புடைப்பு. அதன் இடப்பக்கம் தொட்டால் உணர்ச்சியே கிடையாது. திருநீறு பூசினால் என் விரல் எனக்கே தெரியாது. இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். திரும்பினாலும் இருமினாலும் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதுதான் என் பயம். அறுத்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பதாகவும், கார்த்திகைக்குள் சத்தம் நிற்காவிட்டால் மறுபடி திறக்க வேண்டிவரும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"திரும்பவும் அறுக்க விடமாட்டேன். இங்கனயே செத்துப்போறேன்" என்று என் மனைவி பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். அவள் உள்ளே போய் அழுதாள்.

ஆவணியில் என் மச்சினன் கருப்பையா வந்தான். பஞ்சவர்ணத்தின் தம்பி. மழைக்கு முன்னே காய்ந்த புழுதியில் நெல் விதைக்கிற நேரம்.

"நாளைக்கு வெதைக்கலாமா மச்சான்? மழை வருமா?" என்றான்.

பதில் சொல்லத் திரும்பினேன். டொக்.

அவன் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். "பல்லி சொன்ன மாதிரில்ல இருக்கு! மச்சான் நெஞ்சுக்குள்ள சாமி சொல்லிருச்சு!"

மறுநாள் விதைத்தான். அந்த வாரமே மழை வந்து தொலைத்தது.

பிறகு கேட்க வேண்டுமா? வெற்றிலை, வாழைப்பழத்தோடு ஊர் வர ஆரம்பித்தது. காணாமல் போன ஆடு கிடைக்குமா, பங்காளியோடு சமாதானம் ஆகலாமா என்று எல்லாவற்றையும் என் நெஞ்சிடம் கேட்டார்கள். சத்தம் வரவில்லை என்றால், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கண்ணே" என்றார்கள். ஆடாமல் அசையாமல் இருக்கச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார்! பஞ்சவர்ணமும் சும்மா இருக்கவில்லை. "பசு இன்னைக்குக் கன்னு போடுமாங்க?" என்றாள். கோபத்தில் திட்ட மூச்சை இழுத்தேன். டொக். சந்தோஷமாகத் தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

அவர்களுக்கு அது சாமியின் குரல். எனக்கு அது ஒட்டாத எலும்பு. ஒவ்வொரு டொக்குக்கும் கத்திதான் கண்ணில் தெரிந்தது. தினமும் குளித்துவிட்டு இராமேசுவரம் இருக்கும் திசை பார்த்து நிற்பேன். "அப்பா, வேற ஒண்ணும் கேக்கல. இந்தச் சத்தத்தை நிப்பாட்டு." ஊரே அது வேண்டும் என்று கும்பிட, நான் ஒருவன் வேண்டாம் என்று கும்பிட்டேன். யார் பேச்சு எடுபடும் என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஐப்பசி முடிகிற சமயம் கருப்பையா மறுபடி வந்தான். இந்த முறை அவன் கல்யாணப் பேச்சு. பெண்ணைப் பார்த்து மனசுக்குப் பிடித்தும் போயிருந்தது. "முடிச்சிறலாமா மச்சான்?" என்று கைகட்டி நின்றான்.

திரும்பினேன். ஒன்றும் இல்லை.

"இன்னொரு தரம்" என்றான். முகம் வாடிவிட்டது. இருமினேன். மூச்சை நிறைய இழுத்துவிட்டேன். கையைத் தூக்கி இறக்கினேன். சத்தமே இல்லை. நேற்றாவது கேட்டதா என்று யோசித்தேன்; நினைவுக்கு வரவில்லை. பஞ்சவர்ணம் ஓடிவந்து என் நெஞ்சில் காதை வைத்தாள். "இருதயம் மட்டுந்தான் அடிக்குது" என்றாள். நான் வாய்விட்டு அழுதேன்.

"சாமி மச்சானை விட்டுப் போயிருச்சே" என்று கருப்பையாவும் அழ ஆரம்பித்தான்.

"ஏலே, நான் பொழச்சுக்கிட்டேன்டா! போயி அந்தப் பொண்ணுகிட்ட சம்மதம் கேளு, போ!" என்று விரட்டினேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கார்த்திகையில் மெட்ராஸ் போனபோது டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, எலும்பு கூடிவிட்டது, கத்தி வேண்டாம் என்றார். ஊர் திரும்பியதும் இராமேசுவரம் போய்த் தீர்த்தமாடினேன். வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார்கள். உடம்பெல்லாம் குளிர்ந்தது, தழும்புக்குப் பக்கத்தில் மட்டும் தெரியவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. கேட்டதைக் கொடுத்தவனுக்கு அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

முன்னெல்லாம் ஆபத்து வந்தால்தான் எனக்குச் சாமி ஞாபகம் வரும். இப்போது விடிந்து எழுந்து, சத்தமில்லாமல் ஒரு மூச்சு இழுத்ததும் அவன் பெயர்தான் வருகிறது. சாமி என்னைவிட்டுப் போய்விட்டதாக ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அன்றைக்குத்தான் வந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருந்தால் நேரே அவனிடம் சொல்லுங்கள், கேட்பான். என் நெஞ்சிடம் கேட்கத் தயவுசெய்து யாரும் வராதீர்கள்.