இந்திய நேரத்தில் ஓடிய கேமரா

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு குடோனில் பதினெட்டு வருஷம் டாகுமெண்ட் கன்ட்ரோலராக இருந்தேன். ஷிப்பிங் பேப்பர்தான் என் வேலை. கேமரா ரெக்கார்டர் என் மேஜைக்கு எதிரே இருந்த பாவத்துக்கு அதுவும் என் தலையில் விழுந்தது. டீ பிளாஸ்க்கை யார் தூக்கினார்கள் என்று பார்ப்பதற்கு மேல் அது எதற்கும் பயன்பட்டதில்லை, ஜெர்மனியிலிருந்து அந்த மெயில் வரும்வரை.

1. ஹீரோ என்ட்ரி

நாங்கள் அனுப்பிய ஒரு மிஷின் பெட்டி உடைந்த நிலையில் ஹாம்பர்க் போய்ச் சேர்ந்திருந்தது. பெட்டியின்மேல் ஒட்டிய ஷாக் ஸ்டிக்கர், பலமாக அடிபட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாகிவிடும். அங்கே இறக்கும்போது சிவப்பு. கன்டெய்னரில் ஏற்றும்போதே உங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கீழே போட்டுவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். அந்த டிரைவர் முதுகுளத்தூர் செல்வம்.

மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷன், கோபம் மட்டும் முன்னால் வரும். "அவன்தான் விழுத்தினவன் எண்டு அவையள் சொல்லுகினம். இல்லையெண்டு காட்ட எங்களிட்டை என்ன இருக்கு? ஒண்டும் இல்லாட்டில் அவன்ரை விசா கேன்சல்தான். மேலிடத்து ஓர்டர்."

செல்வம் என் மேஜை ஓரத்தில் வந்து நின்றான். "நான் போடலண்ணே. இந்தப் பேரோட ஊருக்குப் போனா, அப்புறம் எந்தக் கம்பெனிக்காரன் ஃபோர்க்லிஃப்ட் சாவிய எங்கையில குடுப்பான்?"

ரெக்கார்டரைத் தேடினேன். செல்வம் லாரி மேலிருந்த கன்டெய்னருக்குள் பெட்டியைப் பூப்போல இறக்கி வைப்பது, வெள்ளை ஸ்டிக்கர், கதவுக்கு சீல் வைப்பது எல்லாம் இருந்தது. சந்தோஷத்தில் நம்மாட்கள் எல்லோரும் செய்வதைச் செய்தேன். மானிட்டரில் ஓடவிட்டு, அதை மொபைலில் படம் பிடித்து, முதலில் தொழிலாளர்கள் நாங்கள் தங்கியிருந்த கேம்பின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் பிறகு ஹாம்பர்க்குக்கும் தட்டிவிட்டேன். பின்னணியில் என் குரல்: "பாரு மாப்ள, ஹீரோ என்ட்ரி!"

மறுநாள் வீடியோ காலில் அவர்களுடைய வக்கீல் அம்மா வந்தார். சிரிக்கவே இல்லை. இது வீடியோவின் வீடியோ, ஒரிஜினல் எங்கே, இடையில் யார் கைவைத்தார்கள், வேறு யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டார். கேம்பில் நூற்றிருபது பேருக்கு என்றேன். அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு பாடம் எடுத்தார். ஐரோப்பாவில் ஒருவர் முகம்கூட அவருடைய சொந்தத் தகவல், அதை இப்படி ஊருக்கெல்லாம் பரப்பக் கூடாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

2. ஈச்சம்பழ சாட்சி

ஒரிஜினல் ஃபைலை எப்படி எடுப்பது என்று அவரே சொல்லிக்கொடுத்தார். ஹாஷ் வேல்யூ என்று ஒன்று எடுக்க வேண்டும்; அது ஃபைலின் கைரேகை, உள்ளே துளி மாறினாலும் அது மாறிவிடும். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் ரெக்கார்டர் பழையதை அழித்திருக்கும். எடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

இரண்டாவது வீடியோ காலில் வக்கீல் அம்மா குண்டைப் போட்டார். "கேட் பாஸில் லாரி 6:45க்கு வெளியே போயிருக்கிறது. வீடியோவில் 7:50க்குப் பெட்டி ஏறுகிறது. போன லாரியில் எப்படி ஏற்றினீர்கள்?"

ரெக்கார்டர் கடிகாரத்தை, ஷார்ஜாவைவிட ஒன்றரை மணி நேரம் முந்திய இந்திய நேரத்துக்கு மாற்றி வைத்ததே நான்தான். வீட்டுக்காரி டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்து போன் போட வசதியாக இருக்குமே என்று செய்தது. நான் வாயை மூடிக்கொண்டால் ஃபைலையே பொய் என்பார்கள், செல்வம் போவான். அந்த வீடியோ காலிலேயே உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

மேனேஜர் தலையில் கைவைத்தார். "ஐயோ கடவுளே, உமக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்க வழியில்லையே?"

வக்கீல் அம்மா விடவில்லை. கடிகாரம் இன்று ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடலாம், அன்றும் அப்படித்தான் ஓடியது என்பதற்கு என்ன சாட்சி என்றார்.

பின்னால் நின்ற செல்வம் என் தோளைத் தட்டினான். "அண்ணே, அன்னைக்கு நோன்புண்ணே. இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க."

ஓட்டினேன். சீல் வைத்ததும் செல்வம் வண்டியை விட்டு இறங்கி, பெஷாவர் ஹெல்பர்கள் நாலு பேரோடு உட்காருகிறான். எல்லோர் கையிலும் ஈச்சம்பழம். யாரும் வாயில் வைக்கவில்லை. திரையில் 8:01 ஆனதும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள். பள்ளிவாசல் அட்டவணையில் அன்றைய நோன்பு திறக்கும் நேரம் 6:31. பகலெல்லாம் பட்டினி கிடந்தவன் ஒன்றரை மணி நேரம் பழத்தைக் கையில் வைத்து அழகு பார்ப்பானா?

வக்கீல் அம்மா அன்றுதான் சிரித்தார். சிரித்த கையோடு ஒரு வேலையும் வைத்தார். நோன்பு என்றால் மதம் தெரிந்துவிடும், அது எங்கள் சட்டத்தில் இன்னும் கவனமாகக் காக்க வேண்டிய தகவல். ஒரிஜினலைப் பூட்டி வையுங்கள். மற்றவர்களுக்குக் காட்டும் காப்பியில் அந்த நாலு முகத்தையும் மறையுங்கள் என்றார்.

"என் மூஞ்சிய மறைச்சிராதீங்கண்ணே" என்றான் செல்வம்.

ஒரு வாரத்தில் புகாரை வாபஸ் வாங்கினார்கள். மேனேஜர் விசா கேன்சல் பேப்பரைச் செல்வத்தின் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டார். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் சொந்த விசா புதுப்பித்தபோதுகூட இருந்ததில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ரெக்கார்டரில் இருப்பது ஒருவனுடைய பிழைப்பு, அதைச் சொந்த வசதிக்கு வளைக்காதீர்கள். வளைத்துவிட்டீர்களா, அடுத்தவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்வம் என் ரூமுக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தோடு வந்தான். கடையிலேயே இந்திய நேரம் வைத்து வாங்கியிருந்தான்.

"இதப் பாத்து அண்ணிகிட்ட பேசுங்கண்ணே. கேமராவ விட்ருங்க."