சமையலறைக்காகத் தேர்தலில் நின்ற பாஸ்டர்

வெள்ளிக்கிழமை காலை 6.10. ஜுபைலில் என் குடியிருப்பிலிருந்து தம்மாம் விமான நிலையம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். டாக்ஸிக்கு 130 ரியால். பையில் இருந்தவை நான்கு: கடவுச்சீட்டு, மாற்றுடை ஒன்று, ஒரு கிலோ பேரீச்சை, கைக்குள் அடங்கும் எண்ணும் கருவி. சார்ஜாவுக்குப் பேரீச்சை கொண்டுபோக வேண்டியதில்லைதான். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. நான்காவது பொருள், பொத்தானை அமுக்க அமுக்க எண் கூடும் சின்னக் கருவி. பெட்ரோ கெமிக்கல் ஆலையில் பொறியாளராக இருக்கும் நான் அதை வைத்து வால்வுகளை எண்ணுவேன். இம்முறை எண்ணப்போவது மனிதர்களின் கைகளை.

என் தாய்மாமா சாலமோன் சார்ஜாவின் முவைலாவில் ஒரு தொழிலாளர் கேம்பில் இருக்கிறார். கட்டுமான நிறுவனத்தின் ஸ்டோர் கீப்பர். அந்தக் கேம்பின் தமிழ் பிளாக்குக்கு நலக் குழுவில் ஓர் இடம் உண்டு; பிளாக்கின் சமையலறை நேரத்தை முடிவு செய்வது அந்த இடத்தில் இருப்பவர்தான். அதற்கு அன்று தேர்தல், மாமா ஒரு வேட்பாளர். கை எண்ண வெளியாள் ஒருவரை அழைத்துவரலாம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. பெண்கள் நுழையாத கேம்ப் என்பதால் எனக்கு மூன்று மணி நேர அனுமதிச் சீட்டு வாங்கி அனுப்பியிருந்தார்.

8.40. விமானம் கிளம்பியது. பயணம் ஒரு மணி இருபது நிமிடம். மாமாவின் வாழ்க்கையை நினைத்துப் பார்க்க அது போதும். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். அதே தோட்டத்தில், தகரக் கூரை போட்ட சின்ன சபைக்குப் பதினாறு வருடம் பாஸ்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நடுவில் நிறுத்தி, லயத்துக்கு இரண்டாவது தண்ணீர்க் குழாய் கேட்க நாளைக்குத் தோட்டத் துரையிடம் போகிறேன், யார் யார் கூட வருகிறீர்கள் என்று கேட்டார். பிரசங்க பீடத்தில் குழாய்ப் பேச்சு கூடாது என்றார்கள் சபை மூப்பர்கள். மாமா பீடத்தை விட்டுவிட்டுக் குழாயோடு போனார். பிரதேச சபைத் தேர்தலில் நின்றார், தோற்றார். குழாய் வரவில்லை. பிறகுதான் சார்ஜா. இன்றும் தோற்றால் இனி எதற்கும் நிற்பதில்லை என்று போனில் சொல்லியிருந்தார்.

11.50, சார்ஜா நேரம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கம்பெனி பிக்கப்புடன் முருகேசன் அண்ணன் நின்றிருந்தார். புதுக்கோட்டைப் பக்கம், கேம்பில் செகண்ட் ஷிப்ட் பஸ் ஓட்டுபவர். விமான நிலையத்திலிருந்து முவைலா ஏழு கிலோமீட்டர்தான். அதற்குள் தேர்தலின் மொத்த விவகாரத்தையும் சொல்லி முடித்துவிட்டார்.

“ஆளுங்கள ரூம்ல கொண்டாந்து விட பத்து மணி ஆயிடும் தங்கச்சி. கிச்சன ஒம்பதுக்கே பூட்டிடுறாங்க. ஒரு முட்டை பொரிக்க வழியில்ல. காஞ்ச குப்பூஸ் ரொட்டியத் தண்ணியில நனைச்சுத் தின்னுட்டுப் படுக்கணும். பாஸ்டர் ஜெயிச்சா பதினொன்னு வரைக்கும் தொறந்திருக்கும்.”

“அப்ப உங்க ஓட்டு மாமாவுக்குத்தான்.”

“நல்லாக் கேட்டீங்க! எதுத்து நிக்கிறது என் மச்சான் வீரபாண்டி. என் தங்கச்சியக் கட்டுனவன். அவன் கண்ணு முன்னால பாஸ்டருக்குக் கையத் தூக்கிட்டு, லீவுக்குப் போனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வீட்டுல சோறு திங்கிறது?”

வீரபாண்டி டைம் கீப்பர் என்பதும், ஓவர்டைம் யாருக்கு என்று பட்டியல் போடுவது அவர்தான் என்பதும் அடுத்த சிக்னலில் தெரிந்தன. கைதூக்கி ஓட்டுப் போடும் தேர்தலில் இவரை எதிர்த்து யார் கைதூக்குவார்கள்? என் கணக்கில் மாமாவுக்குப் பத்து கூடத் தேறவில்லை.

மதியம் 1.30. தொழுகை முடிந்து தெருக்கள் நிரம்பின. கேம்ப் வாசலில் இருந்த கடையில் மாமா என் பேரீச்சையைப் பெற்றுக்கொண்டு, ஏலக்காய் மணக்கும் கரக் டீ வாங்கிக் கொடுத்தார், ஒன்றரை திர்ஹம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பழைய பாஸ்டர் சட்டையேதான்.

“எத்தனை பேர் கிடைப்பாங்க மாமா?”

“அதை எண்ணத்தானே உன்னைக் கூப்பிட்டேன் புள்ள” என்று சிரித்தார்.

4.00. உணவுக்கூடத்தில் 118 பேர். நடத்துபவர் கேம்ப் பாஸ் ஷாஜி, மலையாளி. முதலில் வீரபாண்டி பேசினார். நல்ல உயரம், கணீர்க் குரல், ஒளிவுமறைவு இல்லாதவர். “வாலிபால் நெட்டு, பெரிய டிவி, ரெண்டுக்கும் நான் பொறுப்பு. கிச்சன் ஒம்பதுக்குப் பூட்டித்தான் ஆகணும். கிச்சன் சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறவன் நான். காலைல நாலு மணிக்கு எந்திரிக்கிறவனும் நான்.” சிரிப்பும் கைதட்டலும். பலமாகத் தட்டியவர் முருகேசன் அண்ணன்.

அடுத்து மாமா. ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பதினெட்டு நிமிடம் பேசினார். உலை, அரிசி, பசி என்று குரல் ஏறி இறங்க, பின்வரிசையில் இரண்டு பேர் “ஆமென்” என்றார்கள்.

“பாஸ்டரே, காணிக்கைத் தட்டு எப்ப வரும்?” என்றார் வீரபாண்டி. கூடம் அதிர்ந்தது. மாமாவும் சிரித்துவிட்டார்; அந்தச் சிரிப்பில் பேச்சின் நுனி நழுவியது. பதினாறு வருடம் ஒவ்வொரு ஆராதனையின் முடிவிலும் சொன்னது தானாக வாயில் வந்தது.

“எல்லாரும் தலையைத் தாழ்த்துங்க. கண்ணை மூடுங்க. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். மனசுல தீர்மானம் பண்ணினவங்க மட்டும் கையை உயர்த்துங்க.”

சபைகளில் இது வழக்கம். மற்றவர் பார்க்கக் கூச்சப்படுகிறவர்களும் கைதூக்கட்டும் என்று அப்படிச் சொல்வார்கள். நூற்றுச் சொச்சம் பேரும் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டார்கள். நம் ஆட்கள் கண்ணை மூடினால் அடுத்த வேலை கும்பிடுவது. பாதிப் பேர் கைகூப்பினார்கள்.

“கும்பிட வேண்டாம்ப்பா, தூக்குங்க!” என்றார் மாமா. அப்போதுதான் தான் செய்ததை உணர்ந்து அவர் முகம் சிவந்தது.

“இது என்ன கூத்து? கண்ண மூடிக்கிட்டு ஓட்டா?” வீரபாண்டி எழுந்தார்.

ஷாஜி கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு ஆளுக்கும் ஒரே ரூல். ஞானும் இந்த மேடமும் எண்ணும். கல்லாஸ். கண்ணு அடைக்கு.” பேச்சு முடிந்தது, கண்ணை மூடுங்கள் என்று அர்த்தம்.

முதலில் வீரபாண்டிக்கு எண்ணினோம். 46. பிறகு ஷாஜி மாமாவின் பெயரைச் சொன்னார். பின் ஓரத்தில் ஒரு கை, நடுவில் மூன்று, அப்புறம் என் கட்டைவிரல் பொத்தானை அமுக்கி மாளவில்லை. முன்வரிசையில் வீரபாண்டியின் ஒரு கண் மட்டும் லேசாகத் திறப்பதைப் பார்த்தேன்.

“அண்ணே, கண்ணு.”

“மூடித்தான் இருக்கு தங்கச்சி” என்றபடி இறுக்கி மூடிக்கொண்டார். அவருக்குப் பக்கத்திலேயே, தோளோடு தோள் உட்கார்ந்திருந்த முருகேசன் அண்ணனின் கை நேராக மேலே நின்றது.

மாமாவுக்கு 69. மீதி மூன்று பேர் கடைசிவரை கும்பிட்டபடியே இருந்துவிட்டார்கள். ஷாஜி எண்ணியதும் அதேதான். மாமா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பழக்கம் புள்ள. வாய் தானா சொல்லிருச்சு” என்றார்.

சனிக்கிழமை காலை 8.15. இரவு சார்ஜாவின் ரோலா பகுதியில் தோழி வீட்டில் தங்கினேன். என்னை விமான நிலையத்தில் விட அதே பிக்கப் வந்தது; முருகேசன் அண்ணன் ஓட்ட, பக்கத்தில் வீரபாண்டி. தோற்றவர் வழியனுப்ப வந்ததில் எனக்கு ஆச்சரியம்தான்.

“ராத்திரி பதினொன்னு வரைக்கும் தாளிப்புச் சத்தம். தூக்கம் போச்சு. ஆனா நடுவுல ஒருத்தன் ஒரு ஆம்லெட் கொண்டாந்து குடுத்தான், அதச் சொல்லணும்” என்று சிரித்தார். சிறிது தூரம் போனதும் திரும்பினார். “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். என் பக்கத்துல உக்காந்திருந்தவனுவள்ல எவன் எவன் பாஸ்டருக்குத் தூக்கினான்?”

வண்டியின் வேகம் குறைந்தது. கண்ணாடியில் முருகேசன் அண்ணனின் கண்கள் என்னைப் பார்த்தன.

“நான் கையைத்தான் எண்ணினேன் அண்ணே. முகத்தைப் பார்த்தா எண்ணிக்கை விட்டுப்போகும்.”

“படிச்ச புள்ள, விவரமாத்தான் பேசுது” என்று முன்னால் திரும்பிக்கொண்டார். வண்டி பழைய வேகத்துக்கு வந்தது.

விமான நிலையத்தில் முருகேசன் அண்ணன் இறங்கி, மாற்றுடையைத் தவிர கனமான எதுவும் இல்லாத என் பையைக் கதவு வரை சுமந்துவந்தார். உள்ளே போய்த் திறந்தபோது, மேலே வெள்ளித்தாளில் சுற்றிய முட்டைப் பராட்டா இரண்டு, இன்னும் சூடாக.

ஜுபைலில் என் ஆலையில் ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பதிவு. விட்டுப்போனால் அன்றே கேள்வி வரும். பயணங்களிலும் பார்த்தது, தின்றது, கொடுத்த விலை எல்லாம் எழுதிவிடுவேன். விமானத்தில் பராட்டாவைத் தின்றபடி குறிப்பேட்டைத் திறந்தேன். வெள்ளி, மாலை நான்கு மணி என்ற தலைப்பின் கீழே 46, 69, 3 என்று மட்டும் எழுதி மூடிவைத்தேன்.