இல்லாத நோயாளிகள்

திருத்தணியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டரில் அந்தம்மாவைப் பார்த்தேன். நெற்றியில் விபூதி, கண்ணுக்குக் கீழே கருவளையம். கதவு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போதே, இல்லாத நோயாளிகளைப் பதிந்து பதிந்து அழித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கவுண்டரில் ஓடுவது எங்கள் மென்பொருள். அது ஓட ஓடத்தான் தன்னை வேகமாக்கிக்கொள்ளும். இரவு அணைத்தால் கற்றதெல்லாம் போய்விடும். காலையில் அரை மணி நேரம் மெதுவாக இழுக்கும். ஆள் வருவதற்குள் அதைப் பழக்கத்தான் அவர் பொய்ப் பதிவுகள் போட்டார். அந்த இழுவையைக் குறைக்கத்தான் மூன்று மாதமாக நானும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு இத்தனை பேரு? ஒரே பேரையே திரும்பத் திரும்பப் போடலாமே?" என்றேன்.

"போட்டுப் பாத்தேன் சார். நல்லாத்தான் ஓடும். வேற மாதிரி ஆளு வந்தா மறுபடி இழுக்கும். அதான் தெலுங்குப் பேரு, இனிஷியல் இல்லாத பேரு, கைக்கொழந்தைன்னு கலந்து போட்டுகினு இருக்கேன்."

நான் ஆபீஸில் ஒரே பேரை வைத்துத்தான் பழக்கியிருந்தேன். அவருடைய பட்டியலை வாங்கிப் போய், அதில் பழக்கி, கற்றது அழியாமல் சேமித்தேன். காலையின் முதல் பதிவே சட்டென்று முடிந்தது.

ஒரு வாரம் கழித்துப் போனில் கேட்டேன்: "இனிமே அரை மணி லேட்டா வரலாமே?"

"எங்க சார்? எங்க ஊரு கண்டிகையிலேருந்து பஸ்ஸு அதே டைமுக்குத்தானே வருது. இப்ப சும்மா குந்தினு இருக்கேன்."