பனிக்கடலில் ஆடி அமாவாசை

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மா கோவளத்தில் மீன் விற்கிறாள். வங்கியில் இன்றைக்கும் அவளுக்குக் கட்டைவிரல்தான். படகுக்குப் போகிற அப்பாவுக்கும் அதேதான். ஒன்பதாம் வகுப்பில் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கக் கிறுக்கிப் பார்த்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி அடியில் ஒரு கோடு இழுப்பது என்று முடிவு செய்தேன். அந்தக் கையெழுத்தைப் போன வருடம் பனிக்கடலில் ஒரு கப்பலில் வைத்து ஒரு தாளில் போட்டேன். நான்காம் நாளே அதைப் பொய்யாக்கினேன்.

தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் டிராவல்ஸ். கேளம்பாக்கம், வண்டலூர் என்று பஸ் மாறி மாறிக் கல்லூரிக்குப் போய், டூரிசம் படித்து, அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது பீர்க்கன்கரணையில் தோழி ஒருத்தியோடு தங்கியிருக்கிறேன். மலேசியா, இலங்கை, சர்ச்காரர்களுக்கு ஜெருசலேம் என்று பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களைத்தான் அழைத்துப் போவோம். ஒரு நாள் ஓய்வு பெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் வந்து, பனிக்கரடி பார்க்க வேண்டும் என்றார்கள். முதலாளி முதலில் வண்டலூர் பூங்காவைச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார். அவர்கள் சிரிக்கவில்லை. இரண்டே மாதத்தில் அவர்கள் தெருவிலும் சர்ச்சிலும் நடைப்பயிற்சியிலும் ஆள் சேர்த்துப் பதினோரு பேராகிவிட்டார்கள். நார்வேக்கு வடக்கே உள்ள தீவுகளிலிருந்து கிளம்பிப் பனிக்குள் போகிற ஒரு சின்னக் கப்பலில் இடம் கிடைத்தது.

"நீயே கூட்டிட்டுப் போம்மா," என்றார் முதலாளி. "நல்லபடியா முடிச்சிட்டு வந்தா இனிமே இந்த டூர் உன்னுதுதான்."

கப்பல் ஏறிய முதல் நாளே விதிகளைச் சொன்னார்கள். வேறு மண்ணும் விதையும் அந்தத் தீவுகளில் விழக்கூடாது என்பதற்காக எல்லோருடைய கோட்டுப் பைகளையும் வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சினார்கள். ஆசிரியர் பையிலிருந்து ஒரு பிடி மிளகு வந்தது. "தொண்டைக்கு," என்றார். இன்னொருவர் பையில் காய்ந்த கறிவேப்பிலை. அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. விலங்குகளை நெருங்கக்கூடாது, கூப்பிடக்கூடாது, எதற்கும் தீனி போடக்கூடாது, பனிமேல் ஒரு பருக்கைகூட விழக்கூடாது. இவற்றை என் குழுவுக்கு விளக்கிவிட்டேன், அவர்கள் நடத்தைக்கு நானே பொறுப்பு என்று ஒரு தாள். பயணத்தை நடத்துகிற பெண்மணி நீட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும், காற்றில் வெடித்த உதடுகள். கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கூட வைத்துக்கொண்டேன், அம்மாவிடம் காட்ட.

திறந்த கடலில் கப்பல் ஆடியபோது முதலில் வாந்தி எடுத்தது நான்தான். ஆசிரியர் தன் மனைவியோடு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ கோவளம்னு சொன்னியேம்மா?"

"கோவளம்தான் அங்கிள். ஆனா கரையில."

எங்கள் பக்கம் பெண்களைப் படகில் ஏற்றுவதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு அதன்மேல் போவது அதுதான் முதல் தடவை. அன்று சமையற்கட்டிலிருந்து ஒருவர் இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டு என் அறைக்குக் கொண்டுவந்தார். பிலிப்பைன்ஸ்காரர், நாற்பதைத் தாண்டியவர். எங்கள் குழுவுக்குச் சோறு கொஞ்சம் குழைவாக வேண்டும் என்று நான் கேட்டதிலிருந்து தனியாக ஒரு பாத்திரத்தில் வேக வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்று படம் காட்டினார். அவர் குடும்பத்திலும் அவள்தான் முதல்.

பனி தொடங்கியதும் ஆட்டம் நின்றுவிட்டது. கப்பலின் அடியில் பனி உரசுகிற சத்தம், மணலில் படகை இழுக்கிற சத்தம் மாதிரியே இருந்தது. கண்ணை மூடினால் எங்கள் கரை. திறந்தால் வெள்ளை, அதற்கு நடுவே கறுப்புத் தண்ணீர். சீல்கள் பனித்தட்டில் படுத்துக்கொண்டு எங்களைச் சலிப்போடு பார்த்தன. பறவைகள் வந்தன. கரடி மட்டும் வரவில்லை. இரண்டு நாள் பதினோரு பேரும் தளத்தில் நின்று, மஞ்சளாகத் தெரிந்த ஒவ்வொரு பனிக்கட்டியையும் கரடி என்றார்கள்.

நான்காம் நாள் ஆடி அமாவாசை. குழுவில் சேலையூரிலிருந்து வந்திருந்த ஆன்ட்டி காலையில் ஒன்றும் சாப்பிடாமல் என்னைத் தேடி வந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதே வங்கியில் இருந்த கணவர் தவறி இரண்டு வருடம்.

"இங்க ராத்திரியே இல்ல, அமாவாசையை நான் எங்க போய்த் தேடறது? சரி, அது காலண்டர்ல இருக்கு. காக்காக்கு என்ன பண்றது? அவருக்கு வைக்காம நான் எப்படிம்மா சாப்பிடறது?"

கப்பல் பனியோரமாக நின்றிருந்தது. பின்தளத்துக்கு மேலே தூய வெள்ளையில் ஒரு பறவை, கால் மட்டும் கறுப்பு. ஐவரி கல், அதாவது தந்த நிறக் கடற்புறா என்று அதன் பெயரை முந்தின நாள்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"அதுக்கு வையுங்க ஆன்ட்டி. எங்க கரையில இந்தச் சாதியைக் கடல்காக்கான்னுதான் சொல்லுவோம்."

விதி எனக்குத் தெரியும். மறக்கவில்லை. ஒரு கைப்பிடிச் சோறுதானே என்று நினைத்தேன். அதைவிட, அத்தனை படித்த ஒருவர் என்னிடம் வந்து வழி கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. சமையற்கட்டில் சோறு வாங்கி, பருப்பு சூப்பைக் கொஞ்சம் ஊற்றி, காகிதத் தட்டில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆன்ட்டி கம்பியோரம் வைத்துக் கும்பிட்டார். பறவை இறங்கி ஒரு வாய் எடுத்தது. எங்கிருந்தோ நாலைந்து பறவைகள் சேர்ந்துகொண்டன. அப்போது அடித்த காற்றில் தட்டு கவிழ்ந்து மிச்சம் முழுக்கப் பனிமேல் போய்ச் சிதறியது. ஆன்ட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "வாங்கிக்கிட்டாரு," என்றார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் என்னை அழைத்தார்கள். பயணத்தை நடத்துகிறவர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். பனிமேல் சோறு, அதைக் கொத்துகிற பறவைகள். கப்பலுக்கு வந்தால் தீனி கிடைக்கும் என்று அவை ஒரு முறை கற்றுக்கொண்டால் மறக்காது என்றார். பிறகு கேட்டார், உங்கள் குழுவா?

"இல்லை," என்றேன்.

யோசிக்கவே இல்லை. தூசி விழுந்தால் கண் மூடிக்கொள்வதுபோல வந்தது அந்த வார்த்தை. அவர் என்னை நம்பினார். அப்படியானால் சமையற்கட்டாகத்தான் இருக்கும், சோறு சாப்பிடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், ஒருவர் பின்தளத்தில் நின்று சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன் என்றார். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் பெயரில் எழுத்தில் எச்சரிக்கை போகும், அப்படிப் போனால் அடுத்த ஒப்பந்தம் கிடைப்பது கஷ்டம் என்று வருத்தமாகவே சொன்னார்.

எனக்கு இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தவர்தான் அவர்.

ஆன்ட்டியிடம் போய்ச் சொன்னேன். பக்கத்தில் ஆசிரியரும் இருந்தார்.

"நான் போய்ச் சொல்றேன். வச்சது நான்," என்று எழுந்தார் ஆன்ட்டி.

"உக்காருங்க மேடம்," என்றார் ஆசிரியர். "மத்தியானம் வால்ரஸ் பாக்கப் படகுல போறோம். இதைச் சொன்னா நம்ம எல்லாரையும் நிறுத்திடுவாங்க. ஒரு பருக்கைக்கு இவ்ளோ பேஜாரா? அந்த ஆளுக்கு ரெண்டு வார்த்தை திட்டு விழும், அவ்ளோதான்."

"திட்டு இல்ல அங்கிள். வேலை போயிடும்."

"சொன்னா உன் வேலையும்தாம்மா போகும்."

அது உண்மைதான். இந்த டூர் உன்னுது என்று முதலாளி சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் அந்தத் தனிப் பாத்திரத்திலிருந்து சோறு வாங்கியபோது சமையற்கட்டுக்காரர் எதற்கு என்றுகூடக் கேட்காமல் சிரித்துக்கொண்டே கொடுத்ததும் கண்ணிலேயே இருந்தது.

"நீங்க வர வேணாம் ஆன்ட்டி. கையெழுத்து என்னுது," என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

பயணத்தை நடத்துகிறவரிடம் நடந்ததைச் சொன்னேன். அப்புறம், முதலில் ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்டார். என் கையெழுத்து பொய்யாகிவிடும் என்று பயந்தேன் என்றேன்.

"அது சோறு வைத்தபோதே பொய்யாகிவிட்டது," என்றார்.

எதற்காகச் சோறு என்று கேட்டார். என்னிடமிருந்த ஆங்கிலத்தில் அமாவாசையையும் காக்கையையும் இறந்தவர்களையும் சொன்னேன். காக்கை வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார். கா கா என்று கூப்பிடுவோம், வரும்வரை நிற்போம் என்றேன். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். "இந்த வெள்ளைப் பறவைக்கு நீங்கள் யாரும் சாப்பாடு வைக்க வேண்டாம். கரடி வேட்டையாடினால் மிச்சத்தை இதுதான் தின்னும். கரடி போகிற வழியிலேயே போகும்." முடிவையும் சொன்னார். நான் மறுபடியும் எல்லோருக்கும் விதிகளை விளக்கினால் குழு படகில் போகலாம். நான் அன்று கப்பலிலேயே இருக்க வேண்டும். சென்னைக்குக் கடிதம் போகும்.

சாப்பாட்டு அறையில் பதினோரு பேர் முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லி, விதிகளை முதலிலிருந்து வாசித்தேன். ஆசிரியர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி இன்னும் சாப்பிடவில்லை.

"பறவை எடுத்துச்சே ஆன்ட்டி?" என்றேன்.

"வைக்கக் கூடாத இடத்துல வச்சது அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? பேங்க்ல ஒரு ரூல் மீற விடமாட்டார் அந்த மனுஷன், என்னையே திட்டுவாரு." சமையற்கட்டுக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஒரு தட்டில் சோறும் பருப்பும் தன் கையால் போட்டு நீட்டினார். "அவரைச் சாப்பிடச் சொல்லும்மா. எனக்கு முன்னாடி."

நான் விளக்கிச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். தன்னை ஏற்கெனவே விசாரித்தார்கள் என்றார். "சோற்றை வீசுகிறவனா நான்? என் தட்டைப் பாருங்கள் என்று சொன்னேன்." தட்டைக் காட்டினார். ஒரு பருக்கை இல்லை. அதன் பிறகு ஆன்ட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

எல்லோரும் ரப்பர் படகுகளில் கரைப்பக்கம் போனார்கள். நான் மறுபக்கம் போய், யாரோ வைத்துவிட்டுப் போன பைனாகுலரை எடுத்துக்கொண்டு நின்றேன். அழக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெகுதூரத்தில், பனி மேடுகளுக்கு மேலே வெள்ளைப் பறவைகள் இரண்டு சுற்றின. போய்விட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்தன. மூன்றாவது ஒன்று சேர்ந்தது. பறவை சுற்றுகிற இடத்தைப் பார்த்துத்தான் அப்பா படகைத் திருப்புவார். அவருக்கு வேறு கருவி கிடையாது. சுற்றலுக்குக் கீழே பைனாகுலரை இறக்கினேன். மேட்டுக்குப் பக்கத்தில் மோர் நிறத்தில் ஏதோ இருந்தது. பனிக்கட்டியாக இருக்கலாம். அப்புறம் அது தலையைத் தூக்கியது.

கப்பலோட்டுகிற அறைக்கு ஏறினேன். கதவருகே ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். காலையில் ஒரு பொய் சொன்னவள் மத்தியானம் கரடி என்றால் யார் நம்புவார்கள்? நான் நினைப்பது தவறாக இருக்கலாம், ஆனால் பறவைகள் அங்கே சுற்றுகின்றன என்றேன். அங்கிருந்த வழிகாட்டி பெரிய தொலைநோக்கியைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு ரேடியோவை எடுத்தார். யார் பார்த்தது என்று படகிலிருந்து பயணத்தை நடத்துகிறவரின் குரல் கேட்டது. தமிழ்க் குழுவை அழைத்து வந்த பெண் என்றார் இவர். "அவர் சொன்னால் சரி, திரும்பி வருகிறோம்," என்றது குரல்.

கரடி ஒரு சீலைத் தின்றுகொண்டிருந்தது. அவசரமே படவில்லை. கப்பல் அதைத் தொந்தரவு செய்யாத தூரத்திலேயே நின்றது. எல்லோரும் தளத்தில் வரிசையாக நின்று பார்த்தார்கள். முகமும் மார்பும் சிவப்பாக இருந்த அந்தக் கரடி, தின்று முடித்ததும் முகத்தைப் பனியில் தேய்த்துக் கழுவிக்கொண்டது. அது நகர்ந்ததும் வெள்ளைப் பறவைகள் இறங்கின.

"அதுங்க சாப்பாட்டை அதுங்களே பாத்துக்குதுங்க," என்றார் ஆன்ட்டி மெதுவாக.

ஆசிரியர் என் பக்கம் நகர்ந்து வந்தார். "கோவளம்தான்மா நீ," என்றார்.

கடிதம் நாங்கள் திரும்புவதற்கு முன்பே தாம்பரம் வந்துவிட்டிருந்தது. முதலாளி கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "ஏம்மா, ஒரு பிடி சோத்துக்காக நார்வேலேர்ந்து எனக்குக் கம்ப்ளெயிண்ட். முப்பது வருஷ தொழில்ல இது புதுசு." அடுத்த பக்கத்தையும் படித்தார். தப்பைத் தானே வந்து சொன்னார் என்று இரண்டு வரி. அடுத்த குழுவோடும் அவரையே அனுப்பினால் ஆட்சேபம் இல்லை என்று இன்னொரு வரி. பாராட்டு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. முதலாளி அதை மடித்து மேசையில் போட்டார். "சரி, போய் ஆள் சேக்கற வேலையைப் பாரு."

அம்மாவிடம் கரடியின் படத்தைக் காட்டினேன். உள்ளங்கை ஈரத்தைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். "இன்னாடி இது, ஒரு புள்ளியாட்டம் கீது?" பறவைகளை வைத்துக் கண்டுபிடித்தேன் என்றதும் அப்பாவின் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா, உன் தொழிலுக்குத்தான் அம்மாந்தூரம் போய்க்கீறா," என்றாள். அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார்.

கையெழுத்துத் தாளின் படத்தை அன்று காட்டவில்லை.

இந்த வருடம் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். போன வாரம் அவர்களை மாடிக்கு வரவழைத்து, வாக்குவத்தையும் மிளகையும் கறிவேப்பிலையையும் சொல்வதற்கு முன்னால், சோற்றுக் கதையை முழுதாகச் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான். ஒருவர், பயணம் எப்போது என்று பார்த்துவிட்டு, இந்தத் தடவையும் நடுவில் ஆடி அமாவாசை வருகிறதே என்றார். வரும், அன்றைக்கு முதல் தட்டை எடுத்துக்கொண்டு யாரிடம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றேன். சேலையூர் ஆன்ட்டியிடமிருந்து சமையற்கட்டுக்காரருக்கு ஒரு ஊறுகாய் பாட்டிலும் என்னிடம் வந்திருக்கிறது. அதைக் கப்பலில் ஏற்ற அனுமதி உண்டா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.

கப்பலிலிருந்து புதுத்தாளும் வந்துவிட்டது. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன். பிறகு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். இதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவளம் போகும்போது அம்மாவிடம் காட்ட வேண்டும்.