தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்

அதியமான்கோட்டையில் மனை வாங்கி வீடு பாதி எழும்பிய பிறகுதான், எங்களுக்கு விற்றவருக்கு ஒரு தங்கை இருப்பதே தெரிந்தது. டீக்கடையில் யாரோ என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவிடம் அண்ணன் தானப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்தது அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாதாம். என் நகை, என் கணவருடைய பிஎஃப் எல்லாம் அந்தச் சுவருக்குள்தான் இருந்தன.

வக்கீலிடம் ஓடினோம்.

"அந்தம்மா பத்திரத்த ரத்து பண்ணச் சொல்லி கேஸ் போடலாங்க. தெரிஞ்ச நாள்லருந்து மூணு வருஷந்தான் டைம்" என்றார்.

"தெரியவே இல்லைன்னா?"

"அந்த மூணு வருஷம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதுங்க. எப்ப வேணா வந்து நிப்பாங்க. அதனால நீங்களே தெரியப்படுத்திடுங்க. சாட்சியோட."

அந்தம்மாவுக்குத் தெரியக் கூடாதே என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, நீயே போய்ச் சொல் என்கிறார் மனுஷன்! அதற்கு வழியும் அவரே சொன்னார். புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிடுங்கள், வந்தால் போட்டோ எடுத்துவையுங்கள்.

வெற்றிலை பாக்குத் தட்டோடு போனோம். வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "உங்கப்பா உங்க அண்ணனுக்குத் தானப் பத்திரம் எழுதிக் குடுத்த எடந்தாங்க. நாங்க வாங்கி வூடு கட்டியிருக்கோம். அவசியம் வந்துடணுங்க." அந்தம்மா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வரேங்க" என்றார். அவ்வளவுதான்.

வந்தார். தங்கையைப் பார்த்ததும் அண்ணன்காரர் பந்தியில் பாதி இலையோடு எழுந்து போனார். எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை. அந்தம்மாவை வீட்டுப் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி நிற்கவைத்து, "நல்லா பளிச்சுனு எடுங்க" என்று போட்டோகிராபரை விரட்டிக்கொண்டிருந்தேன்.

"போட்டோவுல தேதி விழுங்களா?" என்று கேட்டார் அந்தம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. எங்கண்ணன் எழுதி வாங்குன மறுமாசமே எனக்குத் தெரியும். நானும் வக்கீலப் போய்ப் பாத்தேன். கேஸ் போடணும்னா, கையெழுத்துப் போட்டப்ப எங்கப்பாவுக்குப் புத்தி தெளிவா இல்லேன்னு எழுதணும்னாரு. சாகற அன்னிக்குக்கூட எம்புள்ளைங்கள ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கூப்பிட்ட மனுஷனுங்க அவரு. அவரப் போய் பைத்தியம்னு நான் எப்படிங்க எழுதுவேன்? மூணு வருஷம் போன ஆடியோட முடிஞ்சுபோச்சு."

அந்தம்மா பெயர்ப்பலகையை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்தப் போட்டோவுல ஒண்ணு எனக்குக் குடுங்க. எங்கப்பா நெலத்துல நான் நின்னேங்கறதுக்கு வேற ஒண்ணும் எங்கிட்ட இல்லீங்க."

ஃபிரேம் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடத்தில் அவருடைய அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். என் வீட்டுப் பெயர் அதில் பளிச்சென்று தெரிந்தது. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுவாரம் வக்கீல் போன் செய்தார். ஆதாரத்துக்கு போட்டோ எடுத்தீர்களா என்று கேட்டார்.

"எடுத்தோங்க. சரியா விழல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.