ஒரே சில்லை இருவர் பார்த்தார்கள்

நாகர்கோவில் ஆஸ்பத்திரி வராந்தாவில், பெண்கள் பக்கத்து பெஞ்சில் நான் ஒருவன்தான் ஆண். என் மனைவி பகவதிக்கு மாதவிலக்கு முடிந்த பிறகும் இடையிடையே ரத்தம் பட்டது. நோய் அவளுக்கு, வியர்த்து நனைந்தது நான்.

பெண் டாக்டர் கருப்பை வாயிலிருந்து செல்களை (கண்ணுக்குத் தெரியாத உடம்புத் துணுக்குகளை) வழித்து, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். புற்றாக இருக்கலாம், கருப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார்.

நானும் பார்ப்பேன் என்று அடம்பிடித்துக் குழாயில் கண்ணை வைத்தேன். கறுப்பாய், வளைந்து வளைந்து, நண்டுக்கால் போல. நகரவும் செய்தன. அப்படியே பெஞ்சில் சரிந்துவிட்டேன்.

"அது ஒம்ம இமை மயிராக்கும்," என்றார் டாக்டர்.

அந்த மாதத்தில் பகவதி சிரித்தது அப்போது மட்டும்தான்.

அறுவைக்கு முன் அந்தச் சில்லைத் திருவனந்தபுரத்தில் இன்னொரு டாக்டரிடமும் காட்டிவரச் சொன்னார். சில்லைப் பஞ்சில் பொதிந்து, பொடி டப்பியில் வைத்து, வாழைநாரால் கட்டி, பஸ்ஸில் மடியில் ஏந்திப் போனேன். அங்குள்ள டாக்டர் நெடுநேரம் பார்த்தார். புற்றில்லை, அழற்சிதான் (புண்பட்டுச் சிவந்த நிலை), மருந்து போட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார்.

இரண்டு டாக்டரில் ஒருவர் குருடர் என்று வீட்டில் கத்தித் தீர்த்தேன். நான் வாழைக்குலை வியாபாரி. பகவதி படுத்தபடியே சொன்னாள்:

"நீங்க காலம்பற ஒரு குலையப் பாத்து விளையல்லன்னு சொல்லுவிய. மத்தியானம் அதே குலைய வெட்டலாம்னு சொல்லுவிய. ஒங்களுக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

பிறகு மெல்ல, "வெட்டின குலையத் திரும்ப வாழையில கெட்ட முடியாது. மூணு மாசம் இருந்து பாப்பம்."

திருவனந்தபுரத்தார் சொன்னதைப் போய்ச் சொன்னபோது நாகர்கோவில் டாக்டர் கோபப்படவில்லை. செல்லின் உட்கரு (நடுவிலுள்ள கறுத்த பொட்டு) எவ்வளவு பெருத்தால் கெட்டது என்பதில், எல்லையருகே இரண்டு பேர் கண் ஒத்துப்போகாது என்றார். தன் கண்ணே வேறு வேறு நாளில் வேறு மாதிரி சொன்னதுண்டாம். காத்திருக்கலாம், ஆனால் நாள் தப்பாமல் வரவேண்டும் என்றார். எனக்கு ஆறுதலாக இல்லை. இதே பெஞ்சில் உட்காரப்போகிற நீங்களும் ஆறுதலை எதிர்பார்க்க வேண்டாம்.

மருந்து அவளுக்கு, பத்தியம் நான் இருந்தேன். அவள் தூங்கினாள், நான் கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த புதுச் சில்லைப் பார்த்து இரண்டு டாக்டரும் ஒன்றுமில்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து வரவேண்டும்.

இப்போது பகவதி குனிந்து நிமிரும்போதெல்லாம் என் கண் அவள் அடிவயிற்றுக்குப் போய்விடுகிறது. "என்ன பாக்கிய?" என்பாள். தோப்பில் ஒரு குலையை நிமிர்ந்து பார்த்து, இன்ன நாளில் வெட்டலாம் என்று சொல்லவும் இப்போது நா எழுவதில்லை. நாளைக்குத் திரும்பப் பார்ப்போம் என்கிறேன். இரண்டு குலை வாழையிலேயே பழுத்து, கிளி தின்றுவிட்டது.