வெள்ளிக்கிழமைத் தூக்கம்

தூக்கம் வரவில்லை என்று சொல்வதில் என்ன வெட்கம் என்று கேட்பார்கள். எனக்கு இருந்தது. காய்ச்சல் என்றால் சொல்லலாம். மூட்டு வலியை நாலு பேர் நடுவிலேயே சொல்லலாம். ராத்திரியெல்லாம் நான் முழித்துக்கிடக்கிறேன் என்று சொன்னால், முழித்துக்கிடந்து என்னவெல்லாம் காதில் வாங்கினாய் என்ற கேள்வி பின்னாலேயே வரும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் சிலைகளுக்குப் பாலிஷ் போடுகிறவர். பட்டறைக்குப் பின்னாலேயே எங்கள் குடிசை. உளிச் சத்தம், மிஷின் சத்தம், அது நின்றால் கடல் சத்தம், அதற்கு மேல் இவருடைய குறட்டை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்தான் நான் தூங்கினேன். "படுத்தா பொணம்" என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த வயதில் எனக்கு இருந்த கெட்ட பேர் அது ஒன்றுதான்.

கல் தூசி நெஞ்சில் இறங்கி அவர் போய்ச் சேர்ந்தார். மகனுக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை கிடைத்திருந்தது. கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு வீடு பிடித்து என்னையும் கூட்டிக்கொண்டு போனான். தொண்ணூறுகள் முடிகிற சமயம் அது. ஒரே அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல்கட்டு. அடுத்த வருஷம் அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். அறை நடுவில் கயிறு கட்டி, பூப்போட்ட திரை ஒன்றை மாட்டினான். திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். சமையல்கட்டில் படுத்துப் பார்த்தேன். சிலிண்டரும் தண்ணீர்க் குடங்களும் போக, கால் நீட்ட இடமில்லை. மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரம்மா இடுப்பில் இருந்தது.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் பேசிச் சிரிக்கத்தான் செய்வார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. விளக்கை அணைத்ததும் மருமகள் மெதுவாகக் கேட்பாள்: "அத்த தூங்கிட்டாங்களா பாரு."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் தூங்குவேன். தூங்குகிற மாதிரி கிடப்பேன். மூச்சை ஒரே அளவாக இழுத்து விட வேண்டும். எச்சில் விழுங்கக் கூடாது, தொண்டை காட்டிக்கொடுத்துவிடும். கொசு கடித்தால் கையைத் தூக்கக் கூடாது. தூங்குகிறவர்களும் கொசுவை அடிப்பார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் கொசுக்களுக்கு நல்ல விருந்து.

இப்படித் தூங்குகிற மாதிரிக் கிடந்து கிடந்து, நிஜமான தூக்கம் என்னைவிட்டுக் கழன்றுபோனது. அவர்கள் தூங்கிய பிறகும் என் மூச்சு அந்தப் பொய் அளவிலேயே ஓடும். விடிகிறவரை நான் அதை எண்ணிக்கொண்டு கிடப்பேன். பகலில் கண் அசரலாம் என்றால் அதுவும் ஆகாது. "ராத்திரி தூங்கலியா அத்த" என்று மருமகள் கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது? உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று பகலெல்லாம் நின்றுகொண்டே ஏதாவது வேலை செய்வேன்.

பக்கத்து வீட்டில் தூக்கத்துக்கு வைத்தியம் கேட்டேன். எனக்கு என்று கேட்கவில்லை, ஊரில் என் தங்கச்சிக்கு என்று கேட்டேன். எனக்குத் தங்கச்சி கிடையாது. கசகசாவை அரைத்துப் பாலில் கலக்கிக் குடிக்கச் சொன்னார்கள். மருதாணிப் பூவைத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். பூ வாசத்தில் மருமகளுக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனேன். டாக்டர் சின்னப் பையனாக இருந்தார், பின்னால் வரிசை முதுகை இடித்துக்கொண்டு நின்றது. தலைவலி என்று சொல்லி, தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாடை தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டும்போது நடுவிலேயே கண் சொருகி நின்றுவிட்டேன். யாரோ ஒரு பூக்காரம்மா கையைப் பிடித்து இழுத்தாள். வண்டி போன பிறகு, "குடிச்சிகீறியா?" என்று கேட்டாள். இப்படியே போனால் எங்கேயாவது ஒருநாள் விழுந்து கிடப்போம் என்று அன்றைக்குத்தான் பயம் வந்தது.

மாமல்லபுரத்தில் எங்கள் பழைய சபையில் வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம் உண்டு. காலையில் ஆரம்பித்தால் மத்தியானம் தாண்டித்தான் கஞ்சி. அவர் போன பிறகு நான் அங்கே போவதை விட்டிருந்தேன். அந்தப் பயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளக் கொட்டகை அது. சுவருக்கு அந்தப் பக்கம் கல் பட்டறை. பாஸ்டர் மைக்கைப் பிடித்ததும் எல்லோரும் முழங்கால் போட்டு, ஆளாளுக்கு வாய்விட்டு ஜெபம் செய்வார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு மீன்காரம்மா. கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்கிற குரல். அந்தக் குரலிலேயே ஆண்டவரையும் கூப்பிடுவாள். அதற்கு மேல் மேளம் ஒன்று. அந்தப் பக்கம் மிஷின் கல்லை அறுக்கிறது.

நான் முந்தானையைத் தலையில் போட்டு, நெற்றியைப் பாயில் வைத்தேன். ஆண்டவரே என்று ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. கஞ்சிக்கு எழுப்பினார்கள்.

அப்படி ஒரு தூக்கம். வாயெல்லாம் இனிப்பாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாக எல்லாம் கழுவிவைத்த மாதிரித் தெரிந்தது. அந்த வாரம் குழம்புக்கு உப்புச் சரியாக விழுந்தது. அடுத்த வெள்ளியும் போனேன், அதற்கடுத்த வெள்ளியும் போனேன். வாரம் முழுக்க அந்த ஒரு தூக்கத்தை வைத்துத்தான் நான் நடமாடினேன். நான் கிளம்புவதில் மருமகளுக்கும் சந்தோஷம்தான், வீடு ஒரு நாளாவது அவள் வீடாக இருக்குமே.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முழங்கால் போட்டு, நெற்றி தரையில் பட, மணிக்கணக்காக அசையாமல் கிடக்கிற பொம்பளையைப் பார்த்து, சபையில் எல்லோரும் ஜெபம் என்று நினைத்துவிட்டார்கள். முதலில் கஞ்சியை எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு ஒருநாள் நான் தலை நிமிர்ந்ததும் பாஸ்டர் மைக்கிலேயே சொன்னார், எங்கிருந்தோ ரயிலேறி வந்து இந்தத் தாயார் எப்படிக் கண்ணீரோடு கிடக்கிறார்கள் பாருங்கள், பாய் நனைந்திருக்கிறது என்று. பாய் நனைந்திருந்தது உண்மை. அது கண்ணீர் இல்லை. நான் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் வெள்ளிக்கிழமை போய்விடும். தூங்குவதற்கு வருகிறவளை எந்தச் சபை உள்ளே விடும்? சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். பட்டறையில் வேலை செய்கிறவனின் மனைவி, சின்ன வயசு. இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவது தடவையாக மாசமாக இருந்தாள். கஞ்சி குடித்து முடித்ததும் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"ஆயா, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியல. பயத்துல வார்த்தையே வரமாட்டேங்குது. எனக்கும் சேத்து நீங்க பண்ணுங்க."

கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. பண்றேம்மா என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை நிஜமாகவே செய்துவிட வேண்டும் என்றுதான் போனேன். மீன்காரம்மா குரல் எழும்பியது. அந்தப் பெண்ணின் பேரைச் சொல்வதற்குள் நான் போய்விட்டேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். அவள் வயிறு மேலே வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வாரமும் அவள் என் பக்கத்திலேயே முழங்கால் போட முடியாமல் சம்மணம் போட்டு உட்காருவாள், நான் செய்கிற ஜெபத்தின் ஓரத்திலாவது இருக்கலாம் என்று.

மீன்பிடித் தடை முடிந்து படகெல்லாம் கடலில் இறங்கின வாரம். மீன்காரம்மா அன்றைக்குச் சபைக்கு வரவில்லை. நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். கரண்ட் போயிருக்கிறது. மைக், ஃபேன், பட்டறை மிஷின் எல்லாம் ஒன்றாக நின்று, மேளம் அடித்தவனும் கையை நிறுத்தியிருக்கிறான். எல்லோரும் வாயை மூடி அண்ணாந்து ஃபேனைப் பார்த்திருக்கிறார்கள். அந்த அமைதியில் என் குறட்டை மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"ஆயா" என்று அந்தப் பெண் தோளைத் தொட்டாள். நான் நிமிர்ந்தேன். நெற்றியில் கோரைப்பாயின் வரி பதிந்திருக்கும். பின்னால் குழந்தைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் அடக்கினார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தன் வயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நம்பி வந்த விளக்கில் எண்ணெயே இல்லை என்று கண்டுகொண்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை கையிலேயே வைத்திருந்தேன் போலிருக்கிறது. மணல் சூடு காலில் கொப்புளமாகியிருந்தது.

பிறகு போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று மருமகளிடம் சொன்னேன். திரைக்கு இந்தப் பக்கம் பழையபடி மூச்சை அளந்துகொண்டு கிடந்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும், மீன்காரம்மா விலாசம் விசாரித்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பை கருவாடு. மருமகள் டீ போட்டாள்.

"இன்னா யக்கா, தூங்கனதுக்கா ஓடியாந்துட்ட?" என்றாள் உட்கார்ந்ததுமே. "எனக்கு மொத நாளே தெரியும். நீ கொறட்ட வுட ஆரம்பிச்சா நான் தொண்டையத் தூக்குவேன். நான் பரிசுத்த ஆவில நெறஞ்சிட்டேன்னு எல்லாரும் நெனச்சிகினு கீறாங்கோ. உன்னால எனக்குத் தொண்டை கட்டி வியாபாரமே போச்சி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவள் வாயை மூடவும் கை பரபரத்தது. அதற்குள் அவள் மருமகள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"பாவம்மா இது. ராத்திரில கண்ணே மூடறதில்ல போல கீது. வூட்ல நீங்கள்லாம் கவனிக்கிறதில்லியா?"

மருமகள் டீ டம்ளரோடு அப்படியே நின்றாள். எந்தெந்த ராத்திரி என்று அவள் மனசுக்குள் போய் வருவது அவள் முகத்திலேயே தெரிந்தது. காது மடல் சிவந்தது. நான் தரையைப் பார்த்தேன். இதற்காகத்தானே இத்தனை நாள் கொசுக்கடியைப் பொறுத்தேன்.

மீன்காரம்மா போன பிறகு அவள் சமையல்கட்டிலிருந்தே, என் முகம் பார்க்காமல் கேட்டாள். "எத்தினி நாளா அத்த?"

"இப்பத்தான், கொஞ்ச நாளா" என்றேன். அவள் நம்பவில்லை. மேலே கேட்கவும் இல்லை.

அன்றையிலிருந்து திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. மூன்று பேரும் மூச்சை அளந்துகொண்டு கிடந்தோம். அதைவிட அவர்கள் சிரித்த சத்தமே மேல் என்று எப்படி நான் அவர்களிடம் சொல்வேன்? வெள்ளிக்கிழமை வந்ததும் மருமகளே என் பையை எடுத்து வைத்தாள். பைக்குள் ஒரு சின்னத் தலையணை இருந்தது.

சபை வாசலில் மீன்காரம்மா நின்றிருந்தாள். உள்ளே சுவர் ஓரமாக எனக்கென்று தனிப் பாய் விரித்திருந்தார்கள், எல்லாம் அவள் சொல்லிவைத்ததுதான். யாரும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "படுத்துக்கோங்கம்மா, கர்த்தர் தமக்குப் பிரியமானவங்களுக்கு நித்திரை கொடுக்கிறவர்" என்றார் பாஸ்டர். மைக்கை அணைத்தார். மேளத்தை மூலையில் வைத்தார்கள். எல்லோரும் உதட்டை மட்டும் அசைத்து ஜெபம் செய்தார்கள், எனக்காக. கல் பட்டறையில் அன்றைக்கு என்னவோ மிஷினும் ஓடவில்லை. அந்த நிசப்தத்தில் தலையணையில் தலையை வைத்துக் கண்ணை மூடினேன். ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.

எழுந்து உட்காரவும் வெட்கம். இத்தனை பேர் எனக்காக வாயை மூடியிருக்கிறார்களே. அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மூச்சை ஒரே அளவாக இழுத்து விட்டேன். எச்சில் விழுங்கவில்லை.

முகத்தில் காற்றுப் பட்டது. அந்தப் பெண்தான், விசிறிக்கொண்டிருந்தாள். அட்டையோ எதுவோ, டப் டப் என்று அவள் வயிற்றில் இடித்து இடித்து வந்தது. "ஸ், ஆயா தூங்குது" என்று யாரையோ அடக்கினாள். கண்ணைத் திறந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும் போல இருந்தது. திறந்தால் இதுவும் பொய் என்று தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறவள் வேறு என்ன செய்வாள்? உதடு அசையாமல் ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். அவள் பேரைச் சொன்னேன். இந்த முறையாவது தங்கட்டும் என்றேன். அத்தனை மாதத்தில் அவளுக்காக நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

மீன்காரம்மாவுக்கு மட்டும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குறட்டை வரவில்லையே. திடீரென்று அவள் குரல் எழும்பியது, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி. யாரோ அவளை அடக்கினார்கள். "என் வாயி, என் ஆண்டவரு, நான் கூவுவேன்" என்று அவள் இன்னும் உரக்கத் தொடங்கினாள்.

கஞ்சிக்குத்தான் எழுப்பினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. ஆயா ஜெபத்தில் பிறந்த பிள்ளை என்று சொல்லித்தான் எல்லோருக்கும் காட்டுவாள். பிறகு மகன் ஊரப்பாக்கத்தில் இரண்டு அறை உள்ள வீடு பார்த்துக் குடி மாறினான். எனக்கென்று கதவு வந்தது, ராத்திரியில் கொஞ்சம் தூக்கமும் வந்தது. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சபையில் பார்த்தால் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்வான். எனக்கு அவன் முகத்தை நேராகப் பார்க்க இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவனுக்காக ஆரம்பித்த ஜெபத்தில் நான் ஆமென் வரைக்கும் போகவே இல்லை.